நகலெடுக்கப்பட்ட நாய்: குளோனிங் விஞ்ஞானத்தின் வரலாறும் நமக்குரிய படிப்பினைகளும்

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று, தென்கொரியத் தலைநகர் சியோலில், மஞ்சள் நிற லாப்ரடார் பெண் நாய் ஒன்றுக்கு அறுவை சிகிச்சை செய்து ஒரு குட்டியை வெளியே எடுத்தார்கள். அதன் எடை 530 கிராம். சுமந்த தாய் லாப்ரடார் இனம். பிறந்த குட்டியோ நீண்ட முடியும் ஒடுங்கிய முகமும் கொண்ட ஆப்கான் வேட்டை நாய் இனம். அக்குட்டி பிறப்பதற்காக எந்த ஆண் நாயும் இணைசேரவில்லை. வளர்ந்த ஆப்கான் ஆண் நாய் ஒன்றின் காதிலிருந்து எடுக்கப்பட்ட தோல் உயிரணுவே அதன் தொடக்கம். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளையும், நாய்க்குட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து அதற்கு 'ஸ்னப்பி' என்று பெயரிட்டார்கள். உலகில் நகலாக்கம் செய்யப்பட்ட முதல் நாய் இதுவே.

குளோனிங் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் சமுதாயத்தில் இரண்டு விதமான கருத்துகள் உலவக் காண்கிறோம். மனிதன் உயிரைப் படைக்கத் தொடங்கிவிட்டான் என்று அஞ்சுவோர் ஒருபுறம். இவையெல்லாம் கட்டுக்கதை, நம்பத் தேவையில்லை என்று ஒதுக்குவோர் மறுபுறம். நடந்தது என்ன என்பதை ஒழுங்காக அறிந்துகொண்டால் இவ்விரண்டும் நிலைக்காது. ஆகவே இந்த ஆய்வின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சுருக்கமாகக் காண்போம்.

தவளை முட்டையில் தொடங்கிய தேடல்

ஒரே ஒரு கருவுற்ற முட்டையிலிருந்துதான் கண், தோல், எலும்பு, இரத்தம் ஆகிய அனைத்தும் உருவாகின்றன. அப்படியானால், தோலாக மாறிவிட்ட ஓர் உயிரணுவில் முழு உடலுக்கான திட்டமும் இன்னும் இருக்கிறதா, அல்லது தோலுக்குரிய பகுதி மட்டும் எஞ்சி மற்றவை அழிந்துவிடுகின்றனவா? இந்தக் கேள்வியே இந்த ஆய்வுகள் அனைத்துக்கும் வித்து. நாயையோ ஆட்டையோ நகலெடுக்க வேண்டும் என்ற ஆசை பின்னாளில் வந்தது.

ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஸ்பீமன், தவளைக்கு உறவான சாலமாண்டரின் முட்டையைக் குழந்தையின் மெல்லிய தலைமுடியால் கட்டி, 1928இல் ஒரு சோதனை நடத்தினார். வளரத் தொடங்கிய கருவின் ஒரு பகுதியிலிருந்து உயிரணுவின் உட்கருவை மறுபகுதிக்குக் கடக்கவிட்டபோது, அங்கிருந்தும் முழு உயிர் உருவாவதைக் கண்டார். வளர்ந்த உயிரணுவின் உட்கருவையே எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட முட்டைக்குள் வைத்துப் பார்க்கலாமே என்று 1938இல் அவர் எழுதினார். அதைச் செய்து பார்க்கும் கருவிகள் அன்று இல்லை.

1952இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ராபர்ட் பிரிக்ஸ், தாமஸ் கிங் ஆகிய இருவரும் தவளை முட்டையில் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்தியவை மிக இளம் கருவின் உயிரணுக்கள். கரு முதிர முதிர முயற்சிகள் தோற்றன. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஜான் கர்டன் என்ற இளம் ஆய்வாளர், தலைப்பிரட்டையின் குடல் உயிரணுவின் உட்கருவிலிருந்து தவளைகளை உருவாக்கியதாக 1962இல் அறிவித்தார். குடலாகிவிட்ட உயிரணுவிலும் முழு உடலுக்கான திட்டம் அழியாமல் இருக்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று. அப்பணிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2012இல்தான். அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

ஓர் ஆட்டுக்குட்டியும் 277 முயற்சிகளும்

தவளை முட்டை கண்ணுக்குத் தெரியும். பாலூட்டிகளின் கருமுட்டையோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. அதைத் தொடுவதே கடினம். 1981இல் எலியை நகலெடுத்துவிட்டதாக ஓர் அறிவிப்பு வந்தது. பிற ஆய்வுக்கூடங்களில் முயன்றோர் எவராலும் அதைத் திரும்பச் செய்ய இயலவில்லை. 1984இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், இம்முறையில் பாலூட்டிகளை நகலெடுப்பது இயலாத காரியம் என்றே எழுதிவிட்டார்கள். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஸ்டீன் வில்லாட்சன் இளம் கருவின் உயிரணுவிலிருந்து செம்மறிக்குட்டியைப் பிறக்கவைத்தார். இயலாது என்று மனிதர் அறுதியிட்டுச் சொல்வது எவ்வளவு விரைவில் பொய்த்துப் போகிறது!

அடுத்த திருப்பம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் நிகழ்ந்தது. இயன் வில்முட்டும் கீத் கேம்பெலும் அங்கு பணியாற்றினார்கள். உயிரணுவுக்குரிய ஊட்டத்தைக் குறைத்து, அது பிளவுபடுவதை நிறுத்தி ஓய்வுநிலைக்குக் கொண்டுவந்த பிறகு முட்டையில் செலுத்தினால், முட்டையோடு அது இசைந்து வளரும் என்பது கேம்பெலின் கருத்து. 1995இல் மேகன், மொராக் என்ற இரு குட்டிகள் கரு உயிரணுக்களிலிருந்து பிறந்தன. 1996 ஜூலை 5 அன்று டோலி பிறந்தது.

டோலியின் மூலம், ஆறு வயதான ஃபின் டார்செட் இனப் பெண் ஆடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த உயிரணு. கரிய முகமுடைய வேறோர் இன ஆட்டின் கருமுட்டையிலிருந்து உட்கருவை நீக்கி, அதனோடு மடி உயிரணுவைச் சேர்த்து, மெல்லிய மின்துடிப்பால் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இவ்வாறு 277 முட்டைகள் இணைக்கப்பட்டன. அவற்றுள் 29 மட்டுமே கருவாக வளர்ந்தன. அவை 13 ஆடுகளின் கருப்பைகளில் வைக்கப்பட்டன. உயிரோடு பிறந்தது ஒன்றே ஒன்று. கரிய முகமுள்ள ஆடு வெள்ளை முகமுள்ள குட்டியை ஈன்றதைப் பார்த்த மாத்திரத்திலேயே, அது சுமந்த ஆட்டின் குட்டியன்று என்பது விளங்கியது.

1997 பிப்ரவரியில் இச்செய்தி வெளியானபோது உலகம் அதிர்ந்தது. டோலி இயல்பாக இணைசேர்ந்து ஆறு குட்டிகளை ஈன்றது. பிறகு மூட்டுவலியும் நுரையீரல் கட்டியும் கண்டதால் 2003 பிப்ரவரி 14 அன்று கருணைக்கொலை செய்யப்பட்டது. நகலாக்கத்தால்தான் அது விரைவில் முதுமையடைந்தது என்று பலர் பேசினார்கள். அந்த நுரையீரல் நோயோ ஆடுகளிடையே பரவும் ஒரு வைரஸால் வருவது. டோலி உருவான அதே உயிரணுத் தொகுப்பிலிருந்து பிறந்த நான்கு ஆடுகள் உள்ளிட்ட நகல் ஆடுகள் முதுமையிலும் நலமாக இருந்ததாக 2016இல் வெளியான ஆய்வு கூறியது.

பெயர் ஒன்று, நிறம் வேறு

டோலிக்குப் பின் பிற பாலூட்டிகள் வரிசையாக வந்தன. 1997இல் ஹவாயில் எலி, 1998இல் ஜப்பானில் மாடு, 2000இல் பன்றி, 2003இல் கோவேறு கழுதையும் குதிரையும் என நகலெடுக்கப்பட்டன.

இவற்றுள் நம் சிந்தனைக்கு மிகவும் உரியது, 2001 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த பூனைக்குட்டி. அதன் மூலமான 'ரெயின்போ' கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை ஆகிய மூன்று நிறங்கள் கலந்த பூனை. 'சிசி' என்று பெயரிடப்பட்ட நகல் பூனையிலோ செம்மஞ்சள் நிறமே இல்லை! பெண் பூனையின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று மௌனமாக்கப்படுகிறது. எந்த உயிரணுவில் எது மௌனமாகிறது என்பதைப் பொறுத்தே கறுப்பு, செம்மஞ்சள் நிறத் திட்டுகள் அமைகின்றன. ரெயின்போவின் ஓர் உயிரணுவிலிருந்து வந்த சிசிக்கு அதன் நிறக்கலவை முழுமையாகக் கிடைக்கவில்லை. மரபணு ஒன்றேயானாலும் மேனியின் நிறம்கூட ஒன்றாகவில்லை என்பதை உலகம் கண்ணாரக் கண்டது.

நாய் ஏன் எளிதில் வசப்படவில்லை?

பூனைக்கு முன்பே நாயை நகலெடுக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. ஜான் ஸ்பெர்லிங் என்ற அமெரிக்கச் செல்வந்தர், தம் குடும்பத்தாருக்குப் பிரியமான 'மிஸ்ஸி' என்ற கலப்பின நாயை நகலெடுக்க, 23 லட்சம் டாலரை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு வழங்க முன்வந்தார். பணமும் அறிவும் இருந்தும் முயற்சி கைகூடவில்லை. 2002இல் மிஸ்ஸி இறந்தது.

காரணம் நாயின் உடலமைப்பிலேயே இருந்தது. ஆடு, மாடு முதலியவற்றின் கருமுட்டை, சூலகத்திலிருந்து வெளிப்படும்போதே கருவுறத்தக்க அளவுக்கு முதிர்ந்திருக்கும். நாயின் முட்டையோ முதிராத நிலையில் வெளிப்பட்டு, கருக்குழாயில் இரண்டு மூன்று நாட்கள் தங்கிய பின்னரே முதிர்கிறது. ஆய்வுக்கூடத்தில் அதை முதிரவைக்கும் முயற்சிகள் பெரும்பாலும் தோற்றன. மேலும், பெண் நாய் ஆண்டுக்கு ஓரிரு முறையே சினைப்பருவம் அடையும். கொழுப்பு மிகுந்து கருத்திருக்கும் அம்முட்டையின் உட்கருவைக் காண்பதும் கடினம்.

கொரிய ஆய்வாளர்கள் பெண் நாய்களின் இரத்தத்தைச் சோதித்து, முட்டை வெளிப்படும் நாளைக் கணித்து, அது கருக்குழாயில் முதிர்ந்த பிறகு அறுவை மூலம் கழுவி எடுத்தார்கள். 1,095 கருக்களை 123 பெண் நாய்களின் உடலில் வைத்தார்கள். மூன்று நாய்கள் மட்டுமே சினையுற்றன. ஒன்றின் கரு கலைந்தது. மற்றொன்றின் குட்டி 22 நாட்களில் நிமோனியாவால் இறந்தது. எஞ்சியது ஸ்னப்பி.

அந்த 123 பெண் நாய்களை நாம் மறக்கலாகாது. ஒரு குட்டியின் படம் உலகின் செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. முட்டைக்காகவும் கருவுக்காகவும் கத்தி பட்ட நாய்களின் பெயர் ஒன்றும் எவருக்கும் தெரியாது.

புகழின் உச்சியும் பொய்யின் வீழ்ச்சியும்

ஸ்னப்பியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஹ்வாங் வூ சுக், அப்போது கொரியாவின் தேசிய நாயகராகப் போற்றப்பட்டவர். 2004இலும் 2005இலும், மனிதக் கருவை நகலாக்கம் செய்து அதிலிருந்து மூல உயிரணுக்களைப் பெற்றதாக அவர் 'சயன்ஸ்' இதழில் இரு கட்டுரைகளை வெளியிட்டிருந்தார். முடங்கியோர் எழுந்து நடப்பர் என்ற நம்பிக்கை பிறந்தது. சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுவதைச் சித்திரிக்கும் அஞ்சல் தலையையே அந்நாடு வெளியிட்டது.

2005 இறுதியில் உண்மை வெளிவரத் தொடங்கியது. தம் குழுவில் பணியாற்றிய இளம்பெண்களின் கருமுட்டைகளும் ஆய்வுக்குப் பயன்பட்டதை அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் செய்தியாளர்கள் கேள்வி எழுப்பியபோது, நாட்டின் பெருமையைக் குலைப்பதாக மக்கள் அவர்கள்மீதே சினம் கொண்டார்கள். ஆயினும் 2006 ஜனவரியில் பல்கலைக்கழக விசாரணைக் குழு, மனித உயிரணுக்கள் பற்றிய இரு கட்டுரைகளும் புனையப்பட்டவை என்று அறிவித்தது. பெண்களிடமிருந்து பெறப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் வீணாகியிருந்தன. ஆய்வு நிதியைக் கையாடல் செய்த குற்றத்துக்கும், முட்டைகளைச் சட்டவிரோதமாகப் பெற்ற குற்றத்துக்கும் 2009இல் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது.

அதே விசாரணைக் குழு ஸ்னப்பியின் மரபணுவையும் சோதித்து, அது உண்மையான நகலே என்று உறுதிப்படுத்தியது. பொய்யுரைத்தவர் செய்த ஒரு காரியம் மெய்யாக இருந்தது. சினத்தில் அனைத்தையும் பொய்யென்று தள்ளாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து எடைபோட்ட அந்த நீதி கவனிக்கத்தக்கது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் நாணயத்தை ஆராய்ந்த நம் முன்னோரின் மரபை அறிந்தோர்க்கு, சொல்பவர் யார், சான்று என்ன என்ற இந்தக் கேள்விகள் புதியவையல்ல. அறிவும் ஓர் அமானிதமே.

வணிகமான நகலாக்கம்

ஸ்னப்பிக்குப் பின் நாய் நகலாக்கம் கடைச்சரக்காயிற்று. ஹ்வாங் தொடங்கிய சூவாம் நிறுவனம், ஒரு நாயை நகலெடுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் பெற்றது. மிஸ்ஸியின் சேமித்த உயிரணுக்களிலிருந்து 2007 டிசம்பரில் 'மீரா' என்ற குட்டி பிறந்தது. அதே ஆண்டில், போதைப்பொருளை மோப்பம் பிடிப்பதில் சிறந்த ஒரு நாயிலிருந்து ஏழு குட்டிகளைக் கொரியச் சுங்கத்துறை பெற்றது. இறந்த தம் நாயிலிருந்து இரண்டு நகல்களைப் பெற்ற அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், அவற்றின் குணங்கள் வேறுபடுகின்றன என்று 2018இல் கூறினார்.

அவர் சொன்னதில் வியப்பில்லை. நகல் என்பது உண்மையில் காலம் தாழ்ந்து பிறந்த இரட்டைப் பிறவி. இரட்டையராகப் பிறந்த இரு சகோதரர்களை ஒரே மனிதர் என்று நாம் சொல்வதில்லை. மிஸ்ஸி கண்ட முகங்கள், அது ஓடி விளையாடிய முற்றம், அது அறிந்த குரல்கள் எவையும் மீராவின் நினைவில் இல்லை. உயிரணுவின் உட்கருவில் உடலின் திட்டம் இருக்கிறது. வாழ்ந்த வாழ்வு அதில் இல்லை. பிரிவுத் துயரில் இருப்பவரிடம் 'உங்கள் நாயைத் திருப்பித் தருகிறோம்' என்று கூறிப் பணம் பெறுவது, விற்கும் பொருளைப் பற்றி உண்மையை மறைப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

முஸ்லிம் நாடுகளிலும் நம் நாட்டிலும்

இந்த ஆய்வு மேலை நாடுகளோடு நின்றுவிடவில்லை. ஈரானின் ரோயான் ஆய்வு நிலையத்தில் 2006இல் 'ரோயானா' என்ற செம்மறிக்குட்டி பிறந்தது. 2009 ஏப்ரலில் துபாயில் உலகின் முதல் நகல் ஒட்டகம் பிறந்தது. இறைச்சிக்காக அறுக்கப்பட்ட ஓர் ஒட்டகத்தின் சூலக உயிரணுவே அதன் மூலம். 'சாதனை' எனப் பொருள்படும் 'இன்ஜாஸ்' என்ற அரபுப் பெயரை அதற்குச் சூட்டினார்கள். நம் நாட்டில் ஹரியானாவின் கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2009இல் எருமைக் கன்றுகள் பிறந்தன. முதற்கன்று சில நாட்களில் இறந்தது. அவ்வாண்டு ஜூனில் பிறந்த 'கரிமா' பிழைத்தது. 2012இல் காஷ்மீரில் 'நூரி' என்ற பஷ்மினா வெள்ளாடு பிறந்தது.

அழிந்துவரும் இனங்களைக் காக்கவும் இம்முறை பயன்படுகிறது. 1988இல் உறையவைக்கப்பட்ட உயிரணுவிலிருந்து, கீரியை ஒத்த கருங்கால் ஃபெரெட் என்ற அரிய விலங்கு 2020 டிசம்பரில் அமெரிக்காவில் பிறந்தது. அதற்கு முன் 2003இல், முற்றிலும் அழிந்துவிட்ட ஸ்பெயின் நாட்டுக் காட்டாடு ஒன்றை மீட்க முயன்றபோது, பிறந்த குட்டி நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் இறந்தது.

மார்க்க அறிஞர்களின் முடிவு

டோலியின் செய்தி வெளியான சில மாதங்களிலேயே, 1997 ஜூன் இறுதியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பத்தாவது அமர்வு இதை விரிவாக ஆராய்ந்தது. மனிதரை நகலாக்கம் செய்வது ஹராம் என்று முடிவு செய்தது. தாய், தந்தை, வம்சாவளி, திருமணம், வாரிசுரிமை ஆகிய அனைத்தும் அதனால் குலையும் என்பது கவலைக்குரிய செய்தி. தாவரம், நுண்ணுயிர், விலங்கு ஆகியவற்றில், நன்மையை நாடியும் தீங்கைத் தவிர்த்தும், ஷரீஅத்தின் வரம்புக்குள் இதைப் பயன்படுத்த அனுமதி உண்டு என்றது. நகலாக்கம் படைத்தலும் ஆகாது, படைத்தலின் ஒரு பகுதியும் ஆகாது என்பதையும் அந்த அவை தெளிவுபடுத்தியது.

இந்த இறுதிக் கருத்தை மேற்கண்ட வரலாறே உறுதிப்படுத்துகிறது. உயிரணு, உயிருள்ள முட்டை, உயிருள்ள கருப்பை ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த ஆய்வாளராலும் ஒரு குட்டியைக்கூடப் பெற இயலவில்லை. ஏற்கெனவே படைக்கப்பட்டவற்றை இடம்மாற்றி வைப்பதே அவர்கள் செய்த செயல்.

நாயைப் பொறுத்தவரை, வேட்டைக்கும் மந்தைக்கும் விளைநிலக் காவலுக்கும் அதை வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி இருப்பதை அறிவோம். அதன் விற்பனையில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதன்மீது இரக்கம் காட்டுவதில் எவ்வித வேறுபாடும் இல்லை. தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தியை நம் பிள்ளைகள் மத்ரஸாவின் தொடக்க வகுப்பிலேயே கற்கிறார்கள். அப்படியிருக்க, அனுமதியின் அளவுகோலாகிய நன்மையும் தீங்கும் என்பதில் வாடகைத் தாயாக்கப்படும் நாய்களின் துன்பத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மோப்ப நாயால் நாட்டுக்கு விளையும் பயன் ஒன்று. செல்வந்தர் ஒருவரின் ஆறாத ஆசை மற்றொன்று. இரண்டும் தராசில் ஒரே எடையாகா. 2017இல் வெளியான ஆய்வில், ஸ்னப்பியின் உயிரணுக்களிலிருந்து 94 கருக்களை ஏழு நாய்களில் வைத்து நான்கு குட்டிகள் பெறப்பட்டன. தோல்விகள் குறைந்துள்ளன, அறுவையும் துன்பமும் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் டோலியைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கும்போது, பேசாதே என்று வாயடைப்பது தகாது. நடந்ததை நடந்தவாறு கூறுவோம். உயிரணு ஒன்றில் உடல் முழுவதற்குமான திட்டத்தை வைத்தவன் யார் என்று அவர்களைச் சிந்திக்கச் செய்வோம். அறிவியலின் பெயரால் வரும் எந்தச் செய்தியானாலும் சான்று கேட்கவும், வாய்பேசாப் பிராணிகளின் துன்பத்தைக் கணக்கில் எடுக்கவும் பழக்குவோம்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.